வெட்டி எடுத்த மூச்சு

கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு அக்கா வீட்டு மூன்று மாடியும் ஏறுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அக்கா செத்து ஒன்றரை மாதம். கதவைத் திறந்த மாமா கீபோர்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அக்கா படுத்திருந்த அறையில் மருந்து வாடை இன்னும் அப்படியே இருந்தது.

அக்கா மேடையில் பாடுவாள், நான் பக்கத்தில் வாசிப்பேன். நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்த பிறகு, கீபோர்டின் ஒரு கட்டைக்கு ஒரு 'ஆ' என்று பன்னிரண்டு சுரத்தையும் பாடிப் பதிவு பண்ணிக்கொடுத்தாள். ஒவ்வொரு 'ஆ'வுக்கு முன்னாலும் ஓர் இழுப்பு. மூச்சுக்கு அவள் பட்ட பாடு அது.

"அந்த இழுப்பை என்னால கேக்க முடியலடா. எடுத்துடு" என்று மாமா கெஞ்சியிருந்தார்.

எடுத்துவிட்டேன். ஒவ்வொரு பதிவிலும் முன்பக்கத்தை வெட்டி எறிந்து, நடுவில் ஒரு துண்டு திரும்பத் திரும்ப ஓடும்படி கீபோர்டில் ஏற்றினேன். கட்டையிலிருந்து விரலை எடுக்கிறவரை குரல் நிற்காது. அசலையும் அழித்துத் தொலைத்தேன், அறிவு கெட்ட முண்டம்.

மாமா கட்டையை அழுத்திக் கண்ணை மூடினார். "இங்கேதான்டா இருக்கா."

அடுத்த வாரம் போனபோது குரல் படியிலேயே கேட்டது. மாமா நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டை மேல் ஒரு தடிமனான புத்தகம். காலையில் போனில் பேசியபோதே இதே சுரம் பின்னால் கேட்டது.

சுருதி இறங்கியிருந்தது.

கீபோர்டின் திரையில் சுருதி எண்களைப் பார்த்தேன், எதுவும் மாறவில்லை. களைத்துப்போனால் அக்காவுக்கு இப்படித்தான் குரல் தொங்கும்.

புத்தகத்தை எடுத்தேன்.

என் முதுகுக்குப் பின்னால், அக்காவின் காலிக் கட்டிலில், அதே இழுப்பு.

"மூச்சு வாங்க விடுடா..."

மாமாவை உலுக்கி எழுப்பினேன். "மாமா, இதை அழிச்சிடலாம்."

"இன்னொரு தடவை அவளைச் சாகச் சொல்றியா?" என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். கீபோர்டைப் பிடுங்கிக்கொண்டு போக மனசு வரவில்லை.

அவள் கேட்டது மூச்சுத்தானே. மைக்கை வாயருகே வைத்து என் மூச்சைப் பன்னிரண்டு தடவை பதிவு செய்தேன். வெட்டிய இடத்திலெல்லாம் அதை ஒட்டினேன். கட்டையை அழுத்தினால் முதலில் என் மூச்சு, பிறகு அவள் குரல். சுருதி சுத்தமாக நின்றது, கட்டிலிலும் சத்தமில்லை. அப்பாடா என்று வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை, பல் தேய்க்கும்போது மூச்சு நின்றது. அரை நிமிஷம் கழித்து வந்தது. திரும்ப நின்றது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, "நெஞ்சு சுத்தமா இருக்கு, ரெஸ்ட் எடுங்க" என்றார்.

வெளியே வந்ததும் மாமாவுக்குப் போன் போட்டேன். திணறித் திணறித்தான் பேச வந்தது.

"மாமா... கட்டையிலேர்ந்து கையை எடுங்க."

"நான் கடையில நிக்கிறேன்டா. அதை அணைச்சுட்டுத்தானே வந்தேன்?"

மறுபடி நெஞ்சு அடைத்தது. அக்கா இன்றைக்கு நீளமாகப் பாடுகிறாள்.