நட்சத்திர மீன் போன பிறகு

காலையில் ஜன்னலைத் திறந்தபோது கண்ணாடித் தொட்டியில் நட்சத்திர மீனைக் காணவில்லை.

மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலைச் சரிவில் இருந்த அந்தச் சுற்றுலா பங்களாவைக் கூட்டித் துடைப்பது ஜீவராணியின் வேலை. கூடத்துச் சுவரை அடைத்து நின்ற உப்புத்தண்ணீர்த் தொட்டி, முதலாளி ஆசையாகத் திருகோணமலையிலிருந்து கொண்டுவந்து வைத்தது. பாறை, பாசி, கறுப்புச் சிப்பிகள், அவற்றைத் தின்ன ஒரேயொரு நட்சத்திர மீன். சிப்பியின் மேல் கவிந்து, ஐந்து கைகளாலும் மெல்ல இழுத்துப் பிளந்து, தன் வயிற்றையே வெளியே தள்ளி அதன் உள்ளே விடும். அப்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைப்பாள்.

"நாந்தான் எடுத்து வெயில்ல போட்டேன்," என்றார் மேனேஜர் சுதாகரன். "வாறவங்க அருவருக்கிறாங்க."

"அது தின்னாத்தான் சிப்பி அடங்கியிருக்கும்னு மொதலாளி சொன்னாங்களே, சேர்."

"ஒன்னயக் கேட்டனா? வாய மூடிக்கிட்டு வேலயப் பாரு. இல்லாட்டி கொழுந்து பறிக்கப் போ."

சில வாரங்களில் பாசி அழிந்தது. பிறகு சிப்பிகள் மூடிப் பாறை தெரியவில்லை. சுரண்டி எடுத்தாலும், மெல்லிய பழுப்பு நார்களால் கண்ணாடியைப் பற்றிக்கொண்டு மறுபடியும் அடர்ந்தன. மழையும் தேயிலையும் மணக்கும் வீட்டில் அழுகிய கடல் நாறியது. ஓடுகள் மூடிக்கொள்ளும் சத்தம், டிக், டிக் என்று, தொட்டியிலிருந்து மட்டுமல்ல, அலமாரிக்குப் பின்னாலிருந்தும் சுவருக்குள்ளிருந்தும் கேட்டது.

"கொழாய் சத்தம்டி," என்று சிரித்தார் மேனேஜர். அன்று முழுக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டேயிருந்தார்.

மறுநாள் பிற்பகல் மூடுபனி கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டிருந்தது. தொட்டி முழுக்கக் கறுப்பு. வெளிப்பக்கமும். சுவரிலும்.

"சேர்?"

அவர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஓடிவிடு என்றது மனசு. அவள் கதவைத் தள்ளி உள்ளே போனாள். செருப்புக்கடியில் ஏதோ நொறுங்கியது. ஈரம்.

டிக்.

கட்டிலில் ஆள் நீளத்துக்குக் கறுப்பு. கை இல்லை, கால் இல்லை. எல்லாம் ஓடு. முகம் மட்டும் மிச்சம். கண்கள் அவளைப் பார்த்தன. நீர் வழிந்தது.

அவளைக் கூப்பிடத்தான் வாயைத் திறந்தார்.

உள்ளே, நாக்கு இருக்க வேண்டிய இடத்தில், நகமளவு குட்டிச் சிப்பிகள். அவர் மூச்சிழுக்க, எல்லாம் ஒன்றாகத் திறந்தன.