அவர் சரி சொன்ன பிறகுதான்

வாடை முதலில் லேசாகத்தான் வந்தது, முட்டைக்கோஸ் அழுகினாற்போல. கூடத்துக் கட்டிலில் கிடந்தவர் மூச்சை இழுத்துப் பார்த்தார். முப்பது வருஷம் ஊரார் வீட்டு கேஸ் அடுப்புகளைப் பழுது பார்த்த மூக்கு, பொய் சொல்லாது. சமையலறையில் மனைவி புது சிலிண்டரை மாட்டியிருந்தாள். அவர் துணையில்லாமல் அவள் மாட்டுவது இதுதான் முதல் தடவை. மழைக்கு ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. அவளுக்கோ நான்கு நாளாகச் சளி, மூக்கு அடைத்துக் கிடந்தது.

பக்கவாதம் வந்து ஆறு வாரம். "அவருக்கு எல்லாம் புரியும்மா. மூளையில ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்குப் போற வழிதான் அறுந்துருக்கு. நினைக்கிறது ஒண்ணு, வர்றது ஒண்ணா இருக்கும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். மிஞ்சியது ஒரே சொல். பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, 'சரி' என்றுதான் வாயில் வந்தது. லேசில் எதற்கும் தலையாட்டாத மனுஷர் இப்போதாவது வழிக்கு வந்தாரே என்று அவள் கேலிகூடச் செய்தாள்.

மழைச் சத்தத்துக்கு அடியில் ஒரு சீறல் ஓடிக்கொண்டிருந்தது. பழகாத காதுக்கு அதுவும் மழைதான். வால்வுக்குள் ரப்பர் வளையம் இல்லையென்றால் அப்படித்தான் சீறும்.

கல்யாணமான புதிதில் அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. சிலிண்டர் மாற்றினால், சோப்பு நுரை தடவி, குமிழ் கிளம்புகிறதா என்று பார்த்து, அவர் சரி சொன்ன பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். ஒரு நாளும் அவள் மீறியதில்லை.

இன்றைக்கும் மீறவில்லை. லைட்டரோடு கட்டிலருகே வந்து நின்றாள்.

"டியூப் பூரா நுரை தடவிப் பாத்துட்டேங்க. ஒண்ணுமில்ல. பத்த வைக்கட்டுமா?"

டியூப் இல்லை. வால்வு. வால்வின் கழுத்து. வேண்டாம் என்ற சொல் அவருக்குள் முழுசாக இருந்தது. நாக்கை நோக்கித் தள்ளினார். வழியில் எங்கோ விழுந்தது.

"சரி."

இல்லை. தலையைப் பக்கவாட்டில் அசைக்கப் பார்த்தார். தலை மேலும் கீழும் ஆடியது. தடுக்க இடக்கையைத் தூக்கினார். கை போய்ப் போர்வையை நீவியது.

அவள் முகம் மலர்ந்தது. வீடு பழையபடி ஆகிவிட்டதுபோல.

"நீங்க சொல்லாம வைப்பேனா?"

அவர் கண்ணில் நீர் வழிந்தது. அவள் புறங்கையால் துடைத்துவிட்டுத் திரும்பினாள். வாடை கூடம் முழுக்க நிறைந்துவிட்டது.

"சரி" என்று கத்தினார். "சரி. சரி. சரி."

"இதோ, வைக்கிறேங்க."

திறந்த கதவு வழியே எல்லாம் தெரிந்தது. அவள் குனிவது. லைட்டரை நீட்டுவது. அதன்மேல் கட்டைவிரல் படிவது.