காடைக்கரட்டுக்குள் ஒரு காது

“மேப் ரெடி!”

ஞாயிற்றுக்கிழமை காலை. காபி டம்ளர்களுக்கு நடுவே ஓர் அட்டையைத் தொப்பென்று போட்டாள் நாச்சி. அவளுக்கு ஐந்து வயது முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

அவள் அப்பா சேவுகன் அட்டையைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வாரமாக அவர் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடிவிட்டு, அதே இடத்தில் மறுபடியும் தேடிக்கொண்டிருந்தார். அம்மா லோசனி துணி மூட்டையை மூன்றாம் முறையாக உதறிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் தேடியது நாச்சியின் காது மெஷினை. நாச்சிக்கு வலது காது கேட்காது. இடது காதில் மெஷின் இருந்தால் கேட்கும். மூன்று வயதில் அது வந்த பிறகுதான் அவள் பேசத் தொடங்கினாள். போன ஞாயிறு காடைக்கரடு என்ற பாறைக் குன்றுக்குப் போய்விட்டு வந்தபோது காதில் அது இல்லை. அவ்வளவு பெரிய கரட்டில் எங்கே என்று தேடுவது என்று தெரியாமல் வீட்டையே கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக ஒன்று செய்து வர மாதக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை சும்மா விட்டால் வந்த பேச்சும் குறையும் என்றும் சொன்னார். குறையத்தான் செய்தது. இந்த ஒரு வாரத்திலேயே அவள் சொற்களின் ஓரங்கள் தேய ஆரம்பித்திருந்தன.

“எங்கடி விழுந்துச்சு?” என்று எத்தனை முறை கேட்டாலும் நாச்சி, முகத்தைப் பார்த்து உதட்டைப் படித்துவிட்டு, ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

“விழல.”

லோசனியின் தம்பி வைரவன்தான் அட்டையை எடுத்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். ஞாயிறுதோறும் இந்தக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவது அவன்தான். “என்னத்தா இது, மூணு முட்டை, ஒரு யானை, பல்லு வச்ச வாய்… மச்சான், உங்க மக மேப் போடுறாளா, ஓட்டல் போர்டு எழுதுறாளா?”

சிரிக்க ஆள் இல்லை. வைரவனும் அட்டையைக் கீழே வைக்கப்போனான். படத்திலிருந்த வாய்க்குள் ஒரு பெருக்கல் குறி. அதன் பக்கத்தில் நீலக் கிரேயானில் சிறிதாக ஒரு வளைந்த பொருள், அதிலிருந்து ஒரு குழாய்.

அவன் கை நின்றது.

“அக்கா… இங்க வா. மச்சான், டார்ச்சை அணைச்சிட்டு இங்க வாங்க.”

இது அந்தக் குடும்பத்தின் விளையாட்டு. நடக்கச் சொன்னால் அழுகிற பிள்ளைக்காகச் சேவுகன் கண்டுபிடித்தது. ஒவ்வொரு ஞாயிறும் போகிற இடத்தில் யாராவது ஒருவர் ஒரு பொக்கிஷத்தை ஒளித்து வைக்க வேண்டும். அடுத்த ஞாயிறு மற்றவர்கள் மேப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். மேப் வரும்வரை ஒளித்தவர் வாயைத் திறக்கக் கூடாது. பழைய அரண்மனையான மகாலில் ஒரு தூணுக்குப் பின்னால் வைத்த கடலைமிட்டாயைப் பெருக்குகிறவர்கள் கொண்டுபோன பிறகு, விளையாட்டு கரடுகளுக்கு மாறியது. போன வாரம் ஒளிக்கிற முறை நாச்சியுடையது.

லோசனி மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். “மெஷினையா ஒளிச்ச?”

நாச்சி பெருமையாகத் தலையாட்டினாள். “நீதான் சொன்ன. இதுதான் நம்ம வீட்டுப் பொக்கிஷம், பத்திரம்னு.”

சேவுகன் சுவரைப் பார்த்தார். சாப்பாட்டை ஊட்டிக்கொண்டே, குளிப்பாட்டிக்கொண்டே, தினமும் அவர்கள் சொன்னதுதான் அது.

“எந்த இடம்? அதைச் சொல்லிடுடி, கண்ணு.”

“தெரியாது. மேப்ல இருக்கு.”

வெளியே வானம் கறுத்துக் கிடந்தது. ஐப்பசி மழை. ஒரு வாரம் காய்ந்த மலை, இன்று நனையப் போகிறது. நனைந்தால் மெஷின் அவ்வளவுதான்.

“டப்பாலதான் போட்டு வச்சியா?” என்று கேட்டான் வைரவன்.

“செவப்பு டப்பா.”

“தண்ணி புகாம இருக்குமா மச்சான் அது?”

“விக்ஸ் டப்பா அளவுதான்டா. மூடி ஓட்டை,” என்று சொல்லியபடியே சேவுகன் செருப்பை மாட்டினார். “கெளம்பு!”

*

நத்தம் சாலையில் ஆட்டோ பறந்தது. நாச்சி ஜன்னல் போலத் திறந்த பக்கவாட்டில் தலையை நீட்டி, காற்றை வாயால் கடித்துக்கொண்டு வந்தாள். சேவுகன் அட்டையை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தக் குழந்தை ஒரு வாரம் தங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். தாங்கள் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தும், விதியை மீறக் கூடாது என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டு. அந்த விதியைப் போட்டது யார்? அவர்தான்.

காடைக்கரட்டின் அடிவாரத்தில் இறங்கியதும் மூன்று உருண்டைப் பாறைகள் தெரிந்தன.

“முட்டை!” என்று கத்தினான் வைரவன். “முதல் குறி சிக்கிருச்சு! ஏறுங்க!”

ஒற்றையடிப் பாதையில் ஏறினார்கள். இருபுறமும் உண்ணிச்செடிப் புதர் ஆள் உயரத்துக்கு அடைத்துக் கிடந்தது. சில்வண்டுகளின் இரைச்சல் காதை அறுத்தது. அடுத்தது யானை. மேப்பில் அதற்குக் கால்கள் இல்லை, முதுகும் தும்பிக்கையும் மட்டும். சேவுகன் ஒவ்வொரு பாறையாகப் பார்த்தார். ஆமை இருந்தது, அரிசி மூட்டை இருந்தது, குப்புறப் படுத்த மனிதன்கூட இருந்தான். யானை இல்லை. பாதை இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் ஓடினார், திரும்பினார், இடப்பக்கம் ஓடினார், மறுபடியும் திரும்பினார். பாதை தவறினால் மழைக்கு முன் இன்னொரு முறை ஏற நேரமிருக்காது.

“போன வாரம் எந்தப் பக்கம் போனோம்?”

“எல்லாப் பக்கமும்தான் போனோம், மச்சான். நீங்கதானே பட்டாம்பூச்சி பின்னாடி இழுத்துட்டுப் போனீங்க.”

நாச்சி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “கால் வலிக்குது. தூக்கு.”

“இப்பவாடி?” என்று அலுத்துக்கொண்டே சேவுகன் அவளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தார். போன வாரமும் இந்த ஏற்றத்தில் அப்படித்தான் வந்தாள். உட்கார்ந்த மறுகணம் அவர் தலையில் தட்டினாள்.

“அந்தா யானை!”

“எங்க?”

“அந்தா!” மறுபடியும் தட்டிக் கையை நீட்டினாள்.

சேவுகனுக்குப் புதர்தான் தெரிந்தது. வைரவன் ஒரு பாறை மேல் தாவி ஏறினான். ஏறியவன் விசிலடித்தான். புதருக்கு மேலே, இடப்பக்கச் சரிவில், ஒரு கரிய முதுகும் தொங்கும் தும்பிக்கையும். கால்களைச் செடி மறைத்திருந்தது.

“மச்சான், நம்ம உயரத்துல இருந்து பாத்தா காலத்துக்கும் தெரியாது. அவ உங்க தோள்ல இருந்து பாத்ததையில்ல வரைஞ்சிருக்கா!”

சேவுகன் ஓட ஆரம்பித்தார். தோளில் நாச்சி குதித்தாள். தூரத்தில் முதல் இடி உருண்டது.

*

யானைப் பாறைக்குக் கீழே ஒரு தட்டைப் பாறை. போன வாரம் புளியோதரை சாப்பிட்ட இடம். லோசனிக்கு அது நன்றாக நினைவிருந்தது. இனி மிச்சம் வாய் ஒன்றுதான்.

“அந்தா வாய்!” வைரவன் மேலே கைகாட்டினான். செங்குத்தான சரிவில் ஒரு குகை, இருட்டாகத் திறந்து கிடந்தது. விளிம்பில் கூர்கூராகக் கற்கள்.

“பாத்துடா! பாசி பிடிச்சிருக்கு!” என்று லோசனி கத்துவதற்குள் அவன் பாதி ஏறிவிட்டான். ஒரு கல் பெயர்ந்தது. வைரவன் வயிறு உரச நாலு முழம் சறுக்கி, ஒரு வேரைப் பிடித்துத் தொங்கினான்.

“டேய்!”

“உசுரோட இருக்கேன்க்கா! சட்டைதான் போச்சு!”

மீண்டும் ஏறினான். குகைக்குள் புகுந்தான். சடசடவென வௌவால்கள் வெளியே கொட்டின. கொஞ்ச நேரம் கழித்து அவன் தலை எட்டிப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கினான். உள்ளே எதுவும் இல்லை.

நாச்சி அம்மாவின் புடவையைப் பிடித்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். “மாமா ஏன் அங்க போனாரு?”

லோசனி மகளைப் பார்த்தாள். சரிவைப் பார்த்தாள். இந்தப் பிள்ளையால் அங்கே ஏறியிருக்க முடியாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கண் மறைவாக எங்கும் போகவும் இல்லை. போயிருந்தால் பத்தடி.

லோசனி சட்டென்று தரையில் படுத்தாள். கன்னத்தை மண்ணில் வைத்தாள். அங்கிருந்து பார்க்கும்போது உலகமே வேறாக இருந்தது. தட்டைப் பாறையின் அடியில், புல்லுக்குப் பின்னால், நீளமாக ஓர் இடுக்கு தெரிந்தது. துருத்திக்கொண்டிருந்த சில்லுகள் பற்களேதான்.

“ஏங்க… இங்க வாங்க. நாம வாய் மேலயே உக்காந்து சாப்பிட்டிருக்கோம்.”

ஆனால் வாய் நீளமானது. பாறையின் அடி முழுக்க, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை ஓடியது. சேவுகன் டார்ச்சை அடித்தார். உள்ளே வளைவுகள், பொந்துகள், சருகுகள். “எந்த எடத்துலடி?” என்று கேட்டால், நாச்சி கையை அகல விரித்து, “வாய்க்குள்ள” என்றாள்.

அப்போது மேகம் கரட்டின் மேல் முழுவதுமாகக் கவிந்தது. வெளிச்சம் செத்தது. அதுவரை விடாமல் கத்திய சில்வண்டுகள், யாரோ அதட்டியதுபோல ஒன்றாக அடங்கின.

அமைதி. காற்றுகூட நின்றிருந்தது. லோசனி கையை உயர்த்தினாள். மூவரும் மூச்சைப் பிடித்தார்கள்.

கீ… ங்ங்…

மெல்லிய ஊளை. மூடிய கைக்குள்ளோ டப்பாவுக்குள்ளோ இருந்தால் அந்த மெஷின் போடுகிற சத்தம். லோசனிக்கு எரிச்சலூட்டிய சத்தம். எத்தனையோ முறை “அதைக் கழட்டி ஆஃப் பண்ணி வைடி” என்று அவளைக் கத்த வைத்த சத்தம். இப்போது அவள் அதை நோக்கி முழங்கையால் ஊர்ந்தாள்.

“இங்க. இந்தப் பல்லுக்குப் பின்னாடி. உசுரோட இருக்குங்க!”

சேவுகன் கையை விட்டார். மணிக்கட்டோடு நின்றது. கீழே இறங்கி வந்திருந்த வைரவனின் கையும் போகவில்லை. ஒரு குச்சியை ஒடித்து உள்ளே விட்டான். சிவப்பு மூடி ஒரு கணம் தெரிந்தது. குச்சி பட்டது. டப்பா உருண்டது. ‘டக்’கென்று எதிலோ மோதியது. ஊளை நின்றுவிட்டது.

“பாவி, தள்ளிட்டியேடா!”

முதல் துளிகள் பாறையில் சொட்டின.

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நாச்சி குப்புறப் படுத்தாள். தோள்வரை கையை உள்ளே விட்டாள்.

குச்சி கலைத்த சருகுகளுக்குள்ளிருந்து, அவள் தோளுக்கு ஒரு சாண் தள்ளி, கறுப்பாக ஒன்று வெளியே வந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது.

“தேளு! நாச்சி, கையை எடு!”

நாச்சி திரும்பவில்லை. அவளுக்குக் கேட்கவில்லை. முகம் இடுக்குப் பக்கம் இருந்தது. படிக்க உதடும் இல்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு உள்ளே துழாவிக்கொண்டிருந்தாள். பிடித்து இழுத்தால் கை தேள்மேல் உரசும்.

வைரவன் செருப்பைக் கழற்றினான். “அடிக்கவா மச்சான்?”

“வேணாம். தப்பினா அவளைத்தான் கொட்டும்.”

சேவுகன் மண்டியிட்டார். உள்ளங்கையை மகளின் முதுகில் அகலமாகப் பதித்து அழுத்தினார். மெஷின் வருவதற்கு முந்திய நாட்களில், சாலையில் லாரி வரும்போது அவர் செய்வது அது. அசையாதே என்று அர்த்தம்.

நாச்சி கல்லானாள்.

தேள் நகர்ந்தது. அவள் சட்டைக்கையின் ஓரத்தைத் தொட்டது. நின்றது. யாரும் இமைக்கவில்லை. மழைத்துளி ஒன்று அதன் முன்னால் தெறித்தது. தேள் ஒதுங்கி, பாறையைச் சுற்றிக்கொண்டு புல்லுக்குள் இறங்கியது. அது போன வழியையே பார்த்துக்கொண்டிருந்த சேவுகன், நெடுநேரம் கழித்துத்தான் கையை எடுத்தார்.

நாச்சி எழுந்து உட்கார்ந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. முகமெல்லாம் மண். விரல்களுக்குள் சிவப்பு மூடி டப்பா.

“நீங்க யாரும் கண்டுபிடிக்கல,” என்றாள். “நான்தான் ஜெயிச்சேன்.”

*

லோசனி டப்பாவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். மழை கொட்டியது. நான்கு பேரும் ஓடினார்கள், சறுக்கினார்கள், எழுந்தார்கள். வைரவன் நாச்சியை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு, “வழி விடுங்க! ராணி வர்றாங்க!” என்று குரங்கு ஒன்றுகூட இல்லாத காட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டே இறங்கினான்.

ஆட்டோவின் படுதாவை இறக்கிக் கட்டினார்கள். லோசனி கைகளைத் துடைத்தாள், தலையைத் துடைத்தாள், மகளின் காதைத் துடைத்தாள். டப்பாவைத் திறந்தாள். பஞ்சுக்குப் பதிலாக மிட்டாய்த் தாளைச் சுற்றிப் படுக்க வைத்திருந்தாள் நாச்சி. ஈரமே இல்லை. உருண்டதில் பேட்டரி மூடி மட்டும் திறந்திருந்தது. அதனால்தான் ஊளை நின்றிருக்கிறது. அதை அழுத்தி மூடிக் காதில் பொருத்தினாள்.

‘கேக்குதா?’ என்று கேட்கச் சேவுகனுக்குப் பயமாக இருந்தது.

நாச்சி கண்ணைச் சுருக்கினாள். மேலே பார்த்தாள்.

“என்ன இவ்வளவு சத்தம்?”

“மழைடா,” என்றார் சேவுகன்.

லோசனி மகளின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். “இனிமே இதை ஒளிக்காத. சரியா?”

“பொக்கிஷம்னா ஒளிக்கணும்ல?”

லோசனி அவள் காதிலிருந்த மெஷினைத் தொட்டுக் காட்டினாள்.

“சில பொக்கிஷம் போட்டுக்கிறதுக்கு, கண்ணு. அதை நாங்க உனக்குச் சொல்லியிருக்கணும். சொல்லல.”

நாச்சி யோசித்துப் பார்த்து, ஒத்துக்கொண்டாள். பிறகு படுதாவின் இடைவெளியில் மூக்கை வைத்து, வெளியே ஓடும் தண்ணீரைப் பார்க்கத் தொடங்கினாள். ஆட்டோ கிளம்பியது. அலுப்பு எல்லோரையும் அழுத்தியது. வயிற்றில் எரியும் சிராய்ப்போடு ஓட்டிக்கொண்டிருந்த வைரவன், திரும்பாமல், தனக்குத்தானே சொல்வதுபோல முனகினான்.

“அடுத்த வாரம் ஒளிக்கிறது என் முறை. எங்கக்கா வைக்கிற ரசத்தைக் கொண்டுபோய் ஒளிச்சிடப் போறேன். யாரும் தேடி வர மாட்டாங்க.”

படுதாப் பக்கம் முகத்தை வைத்திருந்த நாச்சி, அவன் உதட்டைப் பார்க்காமலே, கெக்கெக்கெவென்று சிரித்தாள்.