இருநூற்றுப் பன்னிரண்டு நிழல்கள்

பவளத்துறையில் படகு கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே அதன் நிழல் கிளம்பிவிடும்.

துறைமுகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கணியறை இருந்தது. அங்கே கணிப்பொறிகளுக்குள் ஒரு கடல் கட்டப்பட்டிருந்தது. அந்தக் கடலில் துறையின் இருநூற்றுப் பன்னிரண்டு படகுகளுக்கும் ஒவ்வொரு நிழல்படகு ஓடியது. மிதவைகள் அனுப்பும் அலையையும் நீரோட்டத்தையும், அசல் படகின் கம்பத்தில் பொருத்திய கருவி அனுப்பும் காற்றழுத்தத்தையும் வாங்கிக்கொண்டு, அது மூன்று மணி நேரம் முன்னால் போய்ப் பார்க்கும். எங்கே மீன் கூடும், எங்கே அலை எழும்பும் என்று படகோட்டியின் திரையில் கோடு போட்டுக் காட்டும். நிழல்கள் வந்த எட்டு வருடங்களில் பவளத்துறை ஆட்கள் ஒருவர்கூடக் கடலில் சாகவில்லை.

இந்த நிழல்களைப் பராமரிப்பது ஜெனோவாவின் வேலை. முப்பத்து நான்கு வயது; அதே துறையில் பிறந்தவள். ஒவ்வொரு நிழலும் தன்னளவில் ஒரு முழுக் கணிப்பொறி. ஆனால் அவை எல்லாம் பங்கிட்டுக்கொண்ட இரும்பும் மின்சாரமும் பொது. எந்த நிழலுக்கும் இதற்குக் குறையக்கூடாது என்று ஓர் அடிப்பங்கு, இதற்கு மேல் போகக்கூடாது என்று ஓர் உச்சவரம்பு, நெருக்கடி வந்தால் யாருக்கு முதலில் என்று ஒரு வரிசை. அதோடு, எந்த நிழலின் பேச்சு எந்த நிழலுக்குக் கேட்க வேண்டும் என்பதையும் அவள்தான் அமைத்தாள். ஒன்றையொன்று கேட்கும் நிழல்கள் ஒரு குழு. ஆரம்பத்தில் துறை முழுவதும் ஒரே குழுவாக இருந்தது. பிறகு படகுகள் இரண்டு மடங்கு ஆயின. கணிப்பொறிகள் அப்படியே இருந்தன.

துறையில் படகுகள் கட்டிக்கிடக்கும் பாலங்கள் இரண்டு. ஆவணியில் வடக்குப் பாலத்துப் படகுச் சங்கத் தலைவர் சிலுவைராசு அவளைப் பார்க்க வந்தார்.

"ஏம்மா, எங்க நெழலு பேசுதத தெக்குப் பாலத்துக்காரன் நெழலு கேக்கக் கூடாது. அதுக்கு ஒரு வழி பண்ணு."

"ஏன் அண்ணாச்சி?"

"நாங்க தேடிக் கண்டுபிடிக்கோம். வலைய எறக்குததுக்குள்ள அவனுவ அம்பது பேரு சுத்தி வந்து நிக்கானுவ. அவன் நெழலும் தேடட்டுமே, யாரு வேண்டாம்னா?"

"ஒண்ணுக்கொண்ணு கேட்டாத்தான் அண்ணாச்சி பாதுகாப்பு. வேலி போட்டா பாதிக் கடல்தான் தெரியும்."

"பாதி போதும்."

தெற்குப் பாலத்துத் தலைவர் மோட்சமும் இதையே கேட்டார். அந்த இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை. துறைமுகக் குழு கூடித் தீர்மானம் போட்டது. ஜெனோவா வடக்கே தொண்ணூற்றேழு, தெற்கே நூற்றுப்பதினைந்து என்று நிழல்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, நடுவே செவிவேலி போட்டாள். ஒரு பக்கம் பேசுவது மறுபக்கம் கேட்காது. கால்மணி நேர வேலை. கணிப்பொறிகளின் சுமையும் பாதியாகக் குறைந்ததில் அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது.

கார்த்திகையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, வடக்குக் குழுவில் எல்லோரையும் தாண்டி வெகுதூரம் போயிருந்த ஒரு படகின் கருவியில் காற்றழுத்தம் மளமளவென்று இறங்கியது. சற்று நேரத்தில் அதன் நிழல் கணிப்பொறிக் கடலில் மூழ்கியது. மூழ்கிய நேரம் பிற்பகல் இரண்டு மணி என்று திரை காட்டியது. ஐந்து நிமிடத்துக்குள் வடக்கு நிழல்கள் அத்தனையும் கரையைப் பார்த்துத் திரும்பின. அவற்றைப் பார்த்துப் படகுகளும் திரும்பின.

தெற்கு நிழல்கள் கிழக்கே போய்க்கொண்டிருந்தன. அவற்றின் கடலில் காற்றே இல்லை.

ஜெனோவா வயர்லெஸ்ஸை எடுத்தாள். "தெக்குப் பாலத்துப் படகெல்லாம் திரும்புங்க. ரெண்டு மணிக்குப் பெருங்காத்து வருது. எல்லாரும் திரும்புங்க."

எந்த வழியாகத் திரும்புவது என்பதை அவளால் சொல்ல முடியாது. காற்று ஒரே சுவராக வராமல் துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. துண்டுகளுக்கு இடையில்தான் வழி. அதை நிழல்தான் கண்டுபிடிக்க வேண்டும். துறைமுகக் குழுவின் அனுமதிக்குக் காத்திராமல் அவள் வேலியை எடுத்தாள்.

இருநூற்றுப் பன்னிரண்டு நிழல்களும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று கேட்கத் தொடங்கின. அதோடு காற்றுத் துண்டுகளுக்கு இடையிலான வழியையும் ஒவ்வொன்றும் தேட வேண்டியிருந்தது. கணிப்பொறிகள் திணறின. மூன்று மணி நேரம் முன்னால் ஓடிய நிழல்கள் இரண்டு மணி நேரத்துக்கு வந்தன, பிறகு ஐம்பது நிமிடம், பிறகு பத்து. இன்னும் கொஞ்சம் போனால் படகு முன்னே போகும், நிழல் பின்னால் வரும். அப்படிப்பட்ட நிழலால் யாருக்கும் பயன் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தாள். அறுபது நிழல்களை நிறுத்தினால் மற்றவை பிழைக்கும். கரைக்கு அருகில் இருப்பவர்கள் கண்ணால் பார்த்தே வந்துவிடலாம். கரையிலிருந்து உள்ள தூரத்தின்படி பட்டியலை வரிசைப்படுத்தினாள். ஐம்பத்தேழாவது பெயர் அவளுடைய அண்ணன் இக்னேசியின் படகு. கரையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர்.

அந்தப் பெயரை மட்டும் தாண்டிவிட்டு அறுபத்தோராவதை எடுத்துக்கொள்ளலாம். யாரும் கேட்க மாட்டார்கள். அறுபத்தோராவது படகு பதினோரு கிலோமீட்டரில் இருந்தது. அவள் வயர்லெஸ்ஸில் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, உன் நெழல நிறுத்தப்போறேன்."

இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது. "என்னட்டி சொல்லுத?"

"எடம் பத்தல. தூரத்துல கெடக்கவங்களுக்கு வேணும். உன் திரையில மத்த நெழலெல்லாம் தெரியும், உன்னோடது மட்டும் இருக்காது. மேகத்தப் பாத்து வந்துருவியா?"

அவன் கூட்டாளிகளிடம் வலையை இழுக்கச் சொல்வது கேட்டது.

"நிறுத்து. எனக்குக் கண்ணு இருக்கு."

அறுபதையும் அவள் நிறுத்தினாள். மற்ற நிழல்கள் மூச்சு வாங்கினாற்போல மெல்ல மெல்ல மீண்டும் முன்னால் ஓடின. ஒன்றரை மணிக்கு முதல் படகு கரை தொட்டது. நான்கு மணிக்கு இருநூற்றுப் பத்து வந்திருந்தன. ஐந்தேகாலுக்கு இருநூற்றுப் பதினொன்று. இக்னேசி வரவில்லை. நிழலை நிறுத்திய படகு எங்கே இருக்கிறது என்று திரையில் பார்க்க முடியாது. அந்த இடம் வெறும் நீலமாக இருந்தது. அவள் மாடியிலிருந்து இறங்கிப் பாலத்தின் முனைக்குப் போய் அண்ணியின் பக்கத்தில் நின்றாள். அண்ணி சற்றுத் தள்ளி நின்றுகொண்டாள்.

ஆறு மணிக்குச் சற்று முன்பு படகு தெரிந்தது. பக்கப்பலகை ஒன்று பிளந்திருந்தது. ஐந்து பேரும் நனைந்த கோழிகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். படகின் நடுவே கால் வைக்க இடமில்லாமல் சீலா மீன் கிடந்தது.

"கரையப் பாத்து வரலியா நீ?" என்று ஜெனோவா கேட்டாள். குரல் கிறீச்சிட்டது.

"எல்லா நெழலும் மேக்கதான் போச்சு. நான் தெக்க போயி ரெட்டைப்பார்ப் பாறைக்குப் பின்னால ஒதுங்குனேன்" என்றான் இக்னேசி. "அங்க நாங்க மட்டுந்தாம்ட்டி. மீனும் அங்கதான் ஒதுங்கியிருந்துச்சு."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நிறுத்திய நிழல்களை உடனே எழுப்ப முடியவில்லை. திணறலில் கணிப்பொறிகள் இரண்டு கெட்டிருந்தன. மாற்று வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை அந்த அறுபது படகுகளும் நிழல் இல்லாமல் போயின. வேலியையும் யாரும் திரும்பக் கேட்கவில்லை.

இரண்டாவது வாரத்தில் ஒரு விஷயம் துறையில் பரவியது. அறுபது படகுகளும் நிறைந்து வந்தன. மற்றவை பாதி நிறைந்து வந்தன. ஜெனோவாவுக்குக் காரணம் புரிய ஓர் இரவும் ஆகவில்லை. நிழல்கள் ஒன்றையொன்று கேட்பதால், இருக்கும் மீனைத் தங்களுக்குள் நியாயமாகப் பங்குபோட்டுக்கொள்கின்றன. நிழல் இல்லாதவன் அந்தப் பங்கீட்டில் இல்லை. ஆனால் மற்றவர்கள் எங்கே போகிறார்கள் என்பது அவன் திரையில் தெரிகிறது. அவர்கள் போகாத இடத்துக்கு அவன் போகிறான். அவன் போவது யாருக்கும் தெரியாது.

மூன்றாவது வார வெள்ளிக்கிழமை, விடியற்காலைப் பனிமூட்டத்தில் சிலுவைராசுவின் படகு இக்னேசியின் படகில் மோதியது. இக்னேசியின் கூட்டாளி ஒருவருக்குக் கை முறிந்தது.

சிலுவைராசு நேராகக் கணியறைக்கு வந்தார். சட்டையில் ரத்தம் இருந்தது.

"முன்னால ஒண்ணுமில்லன்னுதாம்மா என் நெழலு காட்டிச்சு. கோடு நேரா கெடந்துச்சு."

"அண்ணன் படகுக்கு நெழல் இல்லையே அண்ணாச்சி. உங்க நெழலுக்கு அப்படி ஒரு படகே கெடையாது." அவள் எழுந்து நின்றாள். "மாத்துப் பொறி நாளைக்கு வந்துரும். முதல் வேலையா அறுபதையும் எழுப்பிடுதேன். இனிமே இப்படி நடக்காது."

சிலுவைராசு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அத எழுப்பு, எழுப்பாம இரு. என்னோடத நிறுத்திரு. மத்தவனுவ நெழலு மட்டும் எனக்குத் தெரியணும்."

அன்று சாயங்காலத்துக்குள் பதினெட்டுப் பேர் வந்தார்கள். தனித்தனியாக வந்தார்கள். ஒவ்வொருவரும் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்கள். மறுநாள் மனுக்கள் எழுத்தில் வந்தன. நிழல் நின்றுபோன அறுபது பேரும், அது அப்படியே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை ஜெனோவா மேஜையில் இருநூற்றுப் பன்னிரண்டு மனுக்கள் இருந்தன. அதில் இக்னேசியின் மனுவும் இருந்தது. கையெழுத்தைத் தவிர எல்லாம் ஏறக்குறைய ஒரே வாசகம்: என் நிழல் பேச வேண்டாம், மற்ற நிழல்கள் எனக்குக் கேட்க வேண்டும்.

அவள் துறைமுகக் குழுவைக் கூட்டச் சொன்னாள். மீன் ஏலக்கூடத்தில் வெள்ளைத் திரை கட்டி, கடலை அதில் காட்டினாள். மாற்றுப் பொறிகள் வந்து நின்ற அறுபதும் எழுந்திருந்ததால், இருநூற்றுப் பன்னிரண்டு சிறு புள்ளிகள் நீலத்தில் ஊர்ந்தன. இரு பாலத்து ஆட்களும் நெருக்கியடித்து நின்றார்கள்.

"எல்லாரும் மனு குடுத்துருக்கீய. நீங்க கேட்டத அப்படியே அமைச்சுக் காட்டுதேன், பாத்துக்கங்க" என்றாள்.

ஒவ்வொரு பெயராக அமைப்பை மாற்றினாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு புள்ளி அணைந்தது. நூறு அணைந்தபோது கூட்டத்தில் பேச்சு குறைந்தது. இருநூறு அணைந்தபோது சத்தமே இல்லை. கடைசிப் புள்ளியும் போனது. திரை முழுவதும் வெறும் நீலம். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், பேசுவதற்கு ஒரு நிழலும் இல்லை.

அவள் விளக்கவில்லை. பார்த்தாலே புரியும் என்று நினைத்தாள். திரும்பி அவர்களுடைய முகங்களைப் பார்த்தாள்.

முன்வரிசையில் நின்ற மோட்சம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் முகம் மெதுவாக மலர்ந்தது.

"ஏ யப்பா" என்றார். "கடல் முழுக்கக் காலியால்ல கெடக்கு."

அதை அப்படியே வைத்துக்கொள்வதா என்ற வாக்கெடுப்பில் எதிர்ப்பு இல்லை. அடுத்த நாள் காலை நான்கரை மணிக்கு, பனிமூட்டத்துக்குள், இருநூற்றுப் பன்னிரண்டு படகுகளும் முழு வேகத்தில் கிளம்பின.