வெளியே இருபத்து நாலு

வெளியே இருபத்து நாலு டிகிரி என்று காட்டியது பெட்டி. கொடியில் கிடந்த குழந்தைத் துணிகளை அப்போதுதான் எடுத்து வந்திருந்தாள் ரேகா. விரல்கள் மரத்துப் போயிருந்தன. வாயைத் திறந்தால் புகை வந்தது.

எமரால்டு அணைக்கு மேலே, காரட் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீடு. உறைபனி விழப்போவது முன்பே தெரிந்தால் தண்ணீர் தெளித்துக் காரட்டைக் காப்பாற்றலாம் என்று அவள் கணவன் லோகு போன மாதம் இந்த வானிலைக் கருவியை வாங்கி வந்தான். தோட்டத்துக் கம்பத்தின் தலையில் சாஸர்களைக் கவிழ்த்து அடுக்கியது போல ஒரு வெள்ளைக் கூடு. வெயில் படாமல் காற்று மட்டும் நுழையும் அதற்குள்ளிருந்து சூட்டையும் ஈரத்தையும் அளக்கும். மேலே காற்றுக்குச் சுற்றும் மூன்று கிண்ணங்கள். அளந்ததையெல்லாம் கம்பியில்லாமல் வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு அனுப்பிவிடும். பெட்டி தன் பங்குக்கு அறையின் சூட்டையும் பக்கத்திலேயே காட்டும்.

கம்பம் புதிதில்லை. சில்வஸ்டரின் காவல் குடிசையைப் பிரித்தபோது மிஞ்சிய நடுக்கம்பம். கல் மாதிரி நிற்கிறது, எதற்கு இன்னொன்று நட வேண்டும் என்று லோகு அதிலேயே பூட்டிவிட்டான். ரேகாவுக்குப் பிடிக்கவில்லை.

காட்டுப்பன்றி விரட்டக் காவல் இருந்தவர் சில்வஸ்டர். போன தையில் குளிர் தாங்காமல் கரிச்சட்டியைக் குடிசைக்குள் வைத்து, கதவிடுக்கில் காரட் சாக்கைத் திணித்துவிட்டுப் படுத்தார். எழுந்திருக்கவில்லை. மூடிய இடத்தில் கரி ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். முகம் மட்டும் குளித்துவிட்டு வந்தவர் போல நன்றாகச் சிவந்திருந்தது. ரேகா அப்போது மாசமாக இருந்தாள். எதிர்ப்படும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான்: "கொளந்தைக்குக் குளுரு மட்டும் காட்டீராத அம்மணி. நான் கரி கொண்டாந்து தர்றேன்."

அந்தக் குழந்தை அன்பு இப்போது தூளியில் சளியோடு இழுத்துக்கொண்டு கிடந்தான். அணையில் ஷிப்டு வேலையில் இருந்த லோகுவுக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, பெட்டி வெளிய இருபத்து நாலுங்குது. ஊட்டுக்குள்ளாறயே ஒம்பதுதானுங்க."

"வெயில்ல சூடாயிருக்கும். பொழுது சாஞ்சா எறங்கீரும். காத்து?"

"துளி இல்லீங்குது."

"அப்பப் பனி விழும். பையனை நல்லாப் போர்த்தி வை. கரி மட்டும் உள்ள வெச்சராத."

"எனக்குத் தெரியாதுங்களா?"

போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். மங்கிய வெளிச்சத்தில், கம்பத்தின் மேல் கிண்ணங்கள் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தன. பெட்டியில் காற்று பூஜ்யம். ஈரம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, சாத்திய சின்ன அறைக்குள் ஓர் ஆள் மூச்சுவிட்டுக்கொண்டு படுத்திருந்தால் ஏறுமே, அந்த மாதிரி. கருவி தோட்டத்தை அளக்கவில்லை. இல்லாத குடிசையை அளந்துகொண்டிருந்தது.

அன்பு இருமினான். இருமி இருமி உதடு நீலம் பாரித்தது. கம்பளிக்கு மேல் கம்பளி போட்டாள். பாதம் ஐஸாகவே இருந்தது. பெற்றவளுக்குப் பேயை விடப் பிள்ளையின் இருமல் பெரிது. தன்னை அறியாமல் முணுமுணுத்தாள்: "அங்க இருக்கற சூடு கொஞ்சம் இங்க வந்தா என்னவாம்."

பெட்டி மினுக்கியது. வெளியே பதினாறு. ஒன்பது. மூன்று. காற்றும் வீசுவதாகக் காட்டியது. லோகு சொன்னபடியே இறங்கிவிட்டது என்று பெருமூச்சு விட்டாள்.

பிறகுதான் பக்கத்து எண்ணைப் பார்த்தாள். உள்ளே, பதினொன்று.

இருமல் நின்றது. பாதம் வெதுவெதுப்பாகிவிட்டது. சுகமாக இருந்தது, பொய் சொல்வானேன். சால்வையைக் கூடக் கழற்றினாள். பதினாறு. நெற்றி கனத்தது. ஈரச் சாக்கின் நாற்றம். பத்தொன்பது.

கதவு.

தாழ்ப்பாளை விலக்கித் தள்ளினாள். அசையவில்லை. கீழே, இடுக்கு முழுக்கச் சாக்கு. மண் ஒட்டிய காரட் சாக்கு. பிடித்து இழுத்தாள். கையில் பலமில்லை. ஜன்னலைப் பார்த்தாள். அங்கேயும் சாக்கு. தரையில் சரிந்தாள்.

இருபத்து நாலு.

பின்னால் உத்தரம் கிறீச்சிட்டது. தூளி ஆடியது. நிதானமாக. அடியில் ஒரு சட்டி, அது நிறையச் செக்கச்செவேலென்று கரி. தூளியின் ஓரத்தைக் கரி படிந்த விரல்கள் பிடித்திருந்தன, குழந்தை விழித்துவிடக் கூடாதே என்கிற கவனத்தோடு.

துணி விலகிய இடுக்கில் அன்புவின் முகம் தெரிந்தது. கன்னம் இரண்டும் நன்றாகச் சிவந்திருந்தன.