பதினேழு பேரும் சுகம்!

ட்ரிங்... ட்ரிங்...!

1936. கொட்டாஞ்சேனை. மழை இருட்டிய மத்தியானம்.

தன் நேர்சிங் ஹோமில் டொக்டர் வலன்ரைன் ரிசீவரைத் தூக்கினார்.

"டொக்டர்... நான் பிறிஜெற். உங்கட பதினேழாம் நம்பர்."

வலன்ரைன் மலர்ந்தார். நெருப்புக்காய்ச்சலுக்கு அவரே கண்டுபிடித்த ஊசி! 'பதினேழு நோயாளிகள், பதினேழு பேரும் சுகம்' என்று லண்டன் சஞ்சிகையில் கட்டுரை! அன்றிலிருந்து கண்ணாடியைப் பார்த்தால்கூட வணக்கம் சொல்கிறார்.

"சுகமா இருக்கிறீரா பிள்ளை?"

"குளிருது டொக்டர்..."

"எங்கயிருந்து கதைக்கிறீர்?"

"மாதம்பிட்டிச் சவக்காலையடியில. மற்றப் பதினாறு பேரும் இங்கதான். உங்களைத்தான் பாத்துக்கொண்டு கிடக்கினம்..."

லைன் செத்தது!

"கிளறன்ஸ்!"

வார்டு கிளார்க் கிளறன்ஸ் வந்தார்.

"பதினேழு பேரும் சுகம்தானே ஐசே? உம்மட வார்டுப் புத்தகத்தைப் பாத்துத்தானே எழுதினனான்!"

"நான் 'வீட்டுக்குப் போனார்' எண்டுதானே சேர் எழுதினனான்."

"ரெண்டும் ஒண்டுதானே!"

"சாகப்போற ஆளைச் சொந்தக்காரர் இங்க விடுவினமா சேர்? சொந்தக் கட்டில்ல, மாதா சுருபத்துக்கு முன்னால உயிர் போகோணும் எண்டு தூக்கிக்கொண்டு போயிடுவினம்." குரல் தாழ்ந்தது. "சவக்காலையில போய்ப் பாத்தனான். சிலுவைக்குச் சிலுவை எங்கட புத்தகத்துப் பேர்... மூண்டு தரம் சொன்னன். கிளார்க்குக்கு என்ன தெரியும் எண்டு கலைச்சு விட்டீங்கள்."

ஜன்னலுக்கு வெளியே மழைக்குள் பதினேழு பேர் நிற்பது போல இருந்தது டொக்டருக்கு.

"நாளைக்கு வெள்ளவத்தையில நூறு பிள்ளையளுக்கு இதே ஊசி, சேர்!"

டொக்டர் பேனாவை எடுத்தார்.

'என் கட்டுரை பிழை. ஊசியை நிறுத்தவும்.'

கையெழுத்து! லண்டனுக்கு ஒரு தந்தி, வெள்ளவத்தைக்கு ஒன்று. கிளறன்ஸ் குடையோடு ஓடி, அனுப்பிவிட்டுத் திரும்பினார்.

அவருக்குப் பின்னால்...

சளக்... சளக்... ஈரக் காலடிகள்!

வாசலில் சொட்டச் சொட்ட ஒரு பெண்.

"பிறிஜெற்...!" டொக்டர் கதிரையோடு சரிந்தார்.

"பயப்பிடாதேங்கோ. சவக்காலை வாசல்ல சவப்பெட்டிக் கடை இருக்கெல்லோ, அங்கயிருந்துதான் கதைச்சனான். உங்கட நம்பர் அவையளுக்கு மனப்பாடம்!"

"அப்ப... நீர் சாகேல்லயா?"

"கிளறன்ஸ் அண்ணைதான் போன் எடுக்கச் சொன்னவர். காய்ச்சல் வந்து சாகேல்ல, மழையில நனைஞ்சுதான் சாகப்போறன்!"

டொக்டரின் முதுகு நிமிர்ந்தது. மார்பு விரிந்தது.

"ஒருத்தி தப்பியிருக்கிறா! என்ர ஊசி ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கு! கிளறன்ஸ், இன்னொரு தந்தி அடியும்!"

"ஊசியைக் கண்ட உடன பின்மதிலால பாய்ஞ்சு வீட்டுக்கு ஓடிட்டன் டொக்டர். எனக்கு ஆர் போட்டது?"



கிளறன்ஸ் பேனாவை எடுத்து மரியாதையாக நீட்டினார்.

"அந்த மதிலைப் பற்றி எழுதுங்கோ சேர். நூற்றுக்கு நூறு சுகம்!"