வரிசையில் முதல் பெயர்

நான் அந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த அன்று, அறைக்கதவு மழையில் ஊறிப் பருத்துத் திறக்க மறுத்தது. தோளால் இடித்துத்தான் உள்ளே போனேன். உள்ளே கதவோரம் ஒன்று, சுவரோரம் ஒன்று, ஜன்னலோரம் ஒன்று என்று மூன்று மேசைகள். சுவரோரம் ஒருவர் தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். நான் ஜன்னலோரம் போய்ப் பையை வைத்தேன்.

“அங்க வேணாங்க. அது டாக்டரக்கா இடம்.”

“எப்ப வருவாங்க?”

“வர மாட்டாங்க. போன வருஷம் தவறிட்டாங்க.”

செத்தவருக்கு ஜன்னல், உயிரோடு இருப்பவளுக்குக் கதவுச் சந்து. வந்த அன்றே அந்த இடத்தின் நியாயம் எனக்குப் புரிந்துவிட்டது. பையை எடுத்தபோது மேசையிலிருந்து தைல வாசனை வந்தது. தலைவலிக்குத் தேய்த்துக்கொள்வோமே, அந்தக் காரமான தைலம். யாரோ அப்போதுதான் மூடியைத் திறந்ததுபோல மூக்கில் ஏறியது.

தரைக்கு அடியிலிருந்து ஓர் இரைச்சல் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு நேர் கீழே நிலவறை. கிளஸ்டர் என்ற கணினித் தொகுப்பு அங்கேதான் இருந்தது.

துகள்களை மோதவிட்டு, சிதறுவதில் அரிதான ஒன்றைத் தேடுவது எங்கள் பிழைப்பு. அப்படி ஒன்று இருந்தால் அது எப்படித் தெரியும் என்று அறிய, கோடிக்கணக்கான மோதல்களை முதலில் கணினிக்குள்ளேயே நடத்திப் பார்க்க வேண்டும், பிறகு நிஜ மோதல்களின் பதிவுகளை அலச வேண்டும். ஒற்றைக் கணினியை நம்பினால் தலை நரைத்துவிடும். அதனால் கீழே அடுக்கடுக்காக நிற்கும் நூற்றுக்கணக்கான கணினிகளைக் கட்டடமே பங்கு போட்டுக்கொள்கிறது. வேலையை அனுப்பினால் அது வரிசையில் நிற்கும், முறை வந்ததும் ஓடும். சமீபத்தில் நிறைய ஓட்டியவர் பின்னால் தள்ளப்படுவார், ஓட்டாமல் இருந்தவர் முன்னால் வருவார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நல்ல ஏற்பாடு எதிலும் ஓட்டை தேட ஓர் ஆள் இருப்பாரே, அவர் எங்கள் அறையிலேயே, சுவரோர மேசையில் இருந்தார்.

அவரை எல்லோரும் முந்திரி என்றே கூப்பிட்டார்கள். முந்திரிக்கொட்டை என்பதன் சுருக்கம். கேன்டீனில் நாலு பேரைத் தாண்டித் தட்டை நீட்டுவார். அடுத்தவர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவார். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

ஆனால் அந்த வாரம் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தன் ஆய்வு முடிவைக் காட்டாவிட்டால் ஒப்பந்தம் நீளாது என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார். வீட்டில் கைக்குழந்தை. மனைவி வேலையை விட்டு நாளாகியிருந்தது. அந்த முடிவுக்கான கடைசி ஓட்டமோ வரிசையின் வாலில் கிடந்தது. அதுவரை எல்லாக் கணினிகளையும் வாரிச் சுருட்டியவர் அவரேதான்.

ஒரு காலையில் முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

“என்ன, முறை வந்துடுச்சா?”

“எனக்கு வரலை. அக்காவுக்கு வந்துடுச்சு.”

டாக்டரக்கா எழுதி வைத்த நிரல்களைப் பாதிக் கட்டடம் இன்னும் பயன்படுத்துவதால், அவருடைய கணக்கை யாரும் மூடவில்லை. எதையும் ஓட்டாமல் கிடந்து கிடந்து அது வரிசையின் தலைக்குப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ‘என் வேலையக் கொஞ்சம் பாத்துக்கப்பா’ என்று அக்காவே இவரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தார். இவர் இப்போது அந்தப் பெயரில் தன் வேலையை அனுப்பியிருக்கிறார்.

“செத்தவங்க முறையில நீங்க போறீங்க.”

“அவங்களுக்கு இனிமே எதுக்குங்க முறை?”

அவர் சொல்லி முடிக்கவும் தரை அதிர்ந்தது. கீழே விசிறிகள் ஒரே சமயத்தில் வேகமெடுத்தன. எல்லாக் கணினிகளும் அவருக்கே கிடைத்துவிட்டன.

மதியம் கிளஸ்டர்காரர் வந்து நின்றார். கிளஸ்டரைப் பராமரிப்பவர், சாதாரணமாக எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர்.

“அக்கா கணக்குல யாரு இருக்கறது?”

முந்திரி கையைத் தூக்கினார். “நான்தான். இங்கிருந்துதான் அனுப்பினேன்.”

“அது தெரியுது. இன்னொருத்தர் கீழ இருக்கற கீபோர்டுலேர்ந்து நுழைஞ்சிருக்காங்க. கீழ் ரூம் சாவி என் பையில இருக்கு.”

மூவரும் இறங்கினோம். கதவைத் திறந்ததும் குளிர் எலும்பில் ஏறியது. இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் குரலே கேட்காது. இருபுறமும் ஆளுயர அடுக்குகள், கண் சிமிட்டும் பச்சைப் பொட்டுகள். நடைபாதைக் கோடியில் ஒரு திரை, ஒரு கீபோர்டு, ஒரு நாற்காலி.

அந்தக் குளிரிலும் தைல வாசனை.

முந்திரி நாற்காலியில் உட்கார்ந்தவர் அதே வேகத்தில் எழுந்தார். நான் இருக்கையில் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.

கீபோர்டின் விசைகள் பிசுபிசுத்தன. திரையில் வரிசை தெரிந்தது. அக்கா பெயரில் முந்திரி அனுப்பியவை எல்லாம் முடிந்திருந்தன. அக்காவின் பழைய வேலை ஒன்று மட்டும் நிறுத்தியபடி கிடந்தது. கீழே புதிதாக ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, முந்திரியின் சொந்தப் பெயரில்.

“இது நான் அனுப்பலையே.”

நிறுத்தினார். போனது. வந்தது.

மறுபடி நிறுத்தினார். மறுபடி வந்தது.

“அக்கா வேலையில எவனும் கை வைக்கக்கூடாது,” என்றார் கிளஸ்டர்காரர், காதருகே குனிந்து. “ஒருதடவ தெரியாம நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் சாகற வரைக்கும் என்கிட்ட முகம் குடுத்துப் பேசலை. தம்பி, நீங்க ஏதாவது பண்ணீங்களா?”

முந்திரி இடது மார்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“நிறுத்தி வச்சேன். அவங்க ஆபரேஷனுக்குக் காத்துக்கிட்டிருந்தப்ப. என்னுது முதல்ல போகட்டும்னு. தினமும் கேப்பாங்க, என் முறை வந்துச்சாப்பான்னு. இன்னும் வரலைக்கான்னு சொல்லுவேன்.”

“எப்ப எடுத்து விட்டீங்க?” என்று கேட்டேன்.

“விடலை.”

அவர் முகத்தில் அறைய வேண்டும்போல இருந்தது.

மறுநாள் கேன்டீனில், ஆச்சரியமாக, அவர் வரிசையில் ஒழுங்காக நின்றார். முறை வந்து தட்டை நீட்டினார். பரிமாறுபவர் அவரைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

“எனக்குங்க,” என்றார் முந்திரி.

“உங்களுக்குத்தான் குடுத்தாச்சே.”

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. வேண்டும் இவருக்கு என்று நினைத்தேன். மாலையில் பேருந்து நிறுத்தத்தில், அவருக்கு முன்னால் நின்றவரை ஏற்றிக்கொண்டு ஓட்டுநர் கதவை மூடினார். அடுத்த பேருந்திலும் அதே கதை. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவர் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். முடிவுகள் அருமையாக வந்திருந்தன, நானே பார்த்தேன். அவருக்கு முன்னால் பேச வேண்டியவர் பேசி அமர்ந்தார். இவர் மடிக்கணினியோடு எழுந்தார். குழுத் தலைவர் அவருக்கு அடுத்துப் பேச வேண்டியவரை அழைத்தார்.

“சார், என் முறை.”

“நீங்கதான் பேசி முடிச்சிட்டீங்களே.”

“நான் இன்னும் பேசவே இல்லை சார்.”

தலைவருக்கு எரிச்சல் வந்தது. “அக்கா வேலையை நிறுத்தி வச்சதா நீங்களே சொன்னீங்க. ஒப்பந்தம் வேணாம், விலகிக்கறேன்னும் நீங்களே சொன்னீங்க. இப்ப இல்லேங்கறீங்க. உட்காருங்க.”

சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கண் கொட்டாமல் அவர் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். அவர் மேடைக்குப் போகவும் இல்லை, பேசவும் இல்லை.

மேடை மைக்கருகே போனேன். தைல வாசனை.

நடைக்கூடத்தில் அவர் சுவரைப் பிடித்தபடி சரிந்தார். கிளஸ்டர்காரர் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவசரப் பிரிவின் கூடத்தில் வெயில் பளீரென்று விழுந்துகொண்டிருந்தது. அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பெயரைச் சொல்லி முகப்பில் நின்றேன். நெஞ்சுவலி என்றால் உடனே கூப்பிடுவார்கள். கூப்பிடவில்லை. மறுபடி போய்க் கேட்டேன்.

“அவரை அப்பவே உள்ள கூட்டிட்டுப் போயாச்சே,” என்றாள் நர்ஸ்.

“இதோ இங்க இருக்காரும்மா.”

அவள் எட்டிப் பார்த்தாள். அவர் இருந்த பக்கம்தான் பார்த்தாள். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். நான் கத்தினேன். கிளஸ்டர்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்கதவை முட்டினார். காவலாள் தடுத்தார். முந்திரியின் உதடு நீலம் பாரித்திருந்தது. என் சட்டைக் கையைப் பற்றி இழுத்தார்.

“என் முறை வந்துச்சா?”

“இன்னும் வரலை,” என்றேன்.

அவர் மனைவி குழந்தையோடு ஓடி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உள்ளே சிகிச்சைக் கட்டிலில் அவருக்கென்று விரித்த விரிப்பு கசங்கியிருந்தது என்றும், அதில் படுத்திருந்தது யாரென்று எவருக்கும் நினைவில்லை என்றும் பிறகு சொன்னார்கள். அந்தப் பெண் அழவில்லை. “மனுஷன் எங்கயும் காத்திருக்க மாட்டாரே,” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவரை எனக்குப் பிடிக்காதுதான். இருந்தும் அன்று வீட்டுக்குப் போய் அழுது தீர்த்தேன்.

அக்காவின் வேலை இன்னும் நிறுத்தியபடியேதான் இருந்தது. அதை விட்டுவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று எனக்குத் தோன்றியது. கிளஸ்டர்காரரும் ஒப்புக்கொண்டார். நிலவறையில் ஆணையைத் தட்டச்சு செய்தவர், கடைசி விசையை அழுத்தாமல் கீபோர்டை என் பக்கம் திருப்பினார்.

“எனக்குக் கை வரலைம்மா. நீங்க அழுத்துங்க.”

அழுத்தினேன்.

வேலை ஓடியது. தரை நாளெல்லாம் அதிர்ந்தது. முடிந்ததும் விடையைத் திறந்து பார்த்தேன். அக்கா ஆயுள் முழுக்கத் தேடிய துகளின் தடம் அதில் எங்கும் இல்லை. அவ்வளவுதான், அக்கா மனம் ஆறிவிட்டது என்று, நிரல்களை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு அவருடைய கணக்கைக் கிளஸ்டர்காரர் மூடினார். மேசையைத் துடைத்தோம். அறையில் தைல வாசனை போயே போய்விட்டது.

இன்று காலை என் வேலையை அனுப்புவதற்காக வரிசையைத் திறந்தேன். அக்காவின் அதே வேலை, மறுபடியும் முதலிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

என் பெயரில்.

நிறுத்தினேன். போனது. வந்தது.

மதியம் கேன்டீனில் நிதானமாக வரிசையில் நின்றேன். முறை வந்ததும் தட்டை நீட்டினேன். பரிமாறுபவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

“உங்களுக்குத்தான் குடுத்தாச்சேம்மா.”